காவலாளி நடந்து வந்த வழி

மதிப்பிற்குரிய ஐயா,

கொழும்புப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளிஸின் ‘அன்ரிகனி’யைத் தரம் 11 மாணவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடுகிறார்கள். எனவே கதையை இன்றைய கொழும்பில் நடப்பதாக மாற்றி, கைத்தொலைபேசியில் எட்டு நிமிடக் காணொளியாக எடுத்துவரும்படி கூறினேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட ஒரு வாரம் ஓடியோடி உழைத்தார்கள். ஆனால் மூத்த ஆசிரியர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், “இது விளையாட்டு, மூலத்தைச் சிதைக்கிறீர்கள்” என்று கூறிவிட்டார். பேச்சுவழக்கை அனுமதிக்கலாமா, குழுவாகச் செய்த வேலைக்குத் தனித்தனியாக எப்படிப் புள்ளியிடுவது என்பவற்றிலும் எனக்குக் குழப்பம் உண்டு. காணொளியை இத்துடன் அனுப்பியுள்ளேன். நான் செய்வது சரிதானா?

ஓர் ஆசிரியை,
கொழும்பு

அன்புள்ள ஆசிரியைக்கு,

சில வாரங்களாக நானும் இதே நாடகத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு இவ்வளவு விரைவில் பதில் கிடைத்திராது. காணொளியை இருமுறை பார்த்தேன். முதல் முறை வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் முறை கோபம் வந்தது.

மூலம் சிதைகிறது என்ற கவலையை விட்டுவிடுங்கள். விபுலாநந்த அடிகள் 1926இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’ என்ற நாடக நூலில் ஷேக்ஸ்பியரின் மக்பெத் ‘மகபதி’ ஆகிறான். வெனிஸ் நகரத்து வணிகன் ‘வணிபுர வர்த்தகன்’ ஆகிறான். அடிகளுக்கே இல்லாத தயக்கம் உங்கள் மூத்த ஆசிரியருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பேச்சுவழக்கையும் தாராளமாக அனுமதியுங்கள். வெள்ளவத்தைப் பிள்ளைக்குக் கோபம் வெள்ளவத்தைத் தமிழில்தான் வரும். புள்ளியிடுவதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குப் புள்ளியிட்டவர்களில் ஒரேயொருவரைத்தான் நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அவர் இட்ட புள்ளி எவ்வளவு என்பது ஞாபகத்தில் இல்லை.

இனிக் கோபத்துக்கு வருகிறேன். போரில் மடிந்த போலினைசிஸை அடக்கம் செய்யக்கூடாது என்று அரசன் கிரியோன் கட்டளையிடுகிறான். சகோதரி அன்ரிகனி அதை மீறுகிறாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஹீமோன், கிரியோனின் மகன். உங்கள் பிள்ளைகளின் கிரியோன் கறுப்புக் கண்ணாடி அணிந்து, மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் மெதுவான அசைவில் நடந்து வருகிறான். அன்ரிகனி இரவில் கல்கிசைக் கடற்கரையில் மண்ணைத் தோண்டுகிறாள். மேலேயிருந்து டுரோன் அவளைப் படம் பிடிக்கிறது. (டுரோன் யாருடைய தகப்பனாருடையது என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.) கடைசியில் ஹீமோன் கத்தியால் தன்னைக் குத்திக்கொள்ள, சுவரெங்கும் சிவப்புச் சாயம் தெறிக்கிறது. எல்லாமே நேர்த்தியாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஏறத்தாழ கி.மு. 441இல் ஏதென்ஸில் மேடையேறிய அந்த நாடகத்தில், இவற்றில் தோண்டுவதும் குத்திக்கொள்வதும் மேடையில் நிகழ்வதே இல்லை என்பதை நீங்கள் அவர்களுக்குச் சொன்னீர்களா? முதல் முறை போலினைசிஸின் உடலில் மண் தூவப்பட்டதைக் காவலாளி ஒருவன் வந்து சொல்கிறான். குகைக்குள் அன்ரிகனி தூக்கிட்டதையும், ஹீமோன் தகப்பன்மீது வாளை வீசித் தவறிப்போய்ப் பின் அதன்மீதே சாய்ந்ததையும் தூதன் ஒருவன் வந்து சொல்கிறான். அதைக் கேட்டு நிற்கும் தாய் யூரிடிசி ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். அவளுடைய மௌனம், மேடையில் கூட்டாகப் பாடி நிற்கும் குழுவான கோரசை அச்சுறுத்துகிறது. உங்கள் காணொளியில் தூதனைக் காணோம், யூரிடிசியைக் காணோம், கோரசையும் காணோம். நம்முடைய கூத்தில் பிற்பாட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் எம்மைக் களரிப் பக்கமே வரவிடமாட்டார்.

கமெராவைக் கையில் எடுத்தவனுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. பிள்ளைகளை அதற்காக நான் நோகமாட்டேன், உங்களைத்தான் நோகிறேன். காட்டாமல் சொல்லும்போது என்ன நடக்கிறது என்பதை அவர்கள் ஒருமுறையாவது தம் வாயால் உணர்ந்த பிறகல்லவா தொலைபேசியை எடுக்க விட்டிருக்கவேண்டும்? வாசிக்கச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள் என்கிறீர்கள். உட்கார்ந்து மௌனமாக வாசித்தால் நானும் கொட்டாவிதான் விடுவேன், அது எழுந்து நின்று உரத்துச் சொல்வதற்காக எழுதப்பட்டது.

எழுபதுகளின் இறுதியில், கொழும்பில் நான் படித்த பாடசாலையில், எங்கள் தமிழாசிரியர் இதே நாடகத்தைத் தானே தமிழாக்கி எங்களுக்குப் பழக்கினார். நான் கிரியோனாக நடிக்கும் கனவோடு இருந்தேன். எனக்குக் கிடைத்தது காவலாளி. முகம் தொங்கிப்போன என்னை அவர் மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, கரையோர ரயில் பாதைக்கும் அலைக்கும் நடுவே நிறுத்தி, அலைச் சத்தத்துக்கு மேலாகப் பேசச் சொன்னார். ரயில் வந்தால் நிறுத்தவேண்டும். அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்கவேண்டும். அந்தக் காவலாளி என்ன சொல்கிறான் தெரியுமா? “அரசே, மூச்சிரைக்க ஓடிவந்தேன் என்று சொல்லமாட்டேன். வழியில் பலமுறை நின்றேன், திரும்பிப் போகப் பார்த்தேன், என் மனமே என்னோடு வழக்காடியது” என்று தொடங்குகிறான். அருகிலிருந்த இடம் அவனுக்குத் தூரமாகிப்போகிறது. காவலர்கள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டியதையும், செய்தியைக் கொண்டுபோவது யாரென்று சீட்டுக் குலுக்கியதில் தன் பெயர் விழுந்ததையும் புலம்பித் தீர்த்த பிறகுதான் விடயத்துக்கு வருகிறான். மண்வெட்டி பட்ட அடையாளம் இல்லை, வண்டித் தடம் இல்லை, உடல்மீது மெல்லிய புழுதி மட்டும் கிடந்தது என்கிறான். இரண்டாம் முறை அன்ரிகனியைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு வரும்போது, தன் தலை தப்பியதில் அவனுக்குச் சந்தோசம், அவளைத் துன்பத்தில் தள்ளியதில் வருத்தம். என்றாலும் தன் உயிர்தான் தனக்குப் பெரிது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான். பதினாறு வயதில் எனக்கு அவன் ஒரு கோமாளியாகவே தெரிந்தான். ஆசிரியர் மறுத்தும் பேசவில்லை, விளக்கவும் இல்லை, இன்னொரு முறை சொல் என்றார்.

1983 ஜூலைக் கடைசியில் பம்பலப்பிட்டியில் அகதி முகாமாகிவிட்ட ஒரு பாடசாலையில் நாங்கள் இருந்தோம். எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஓர் அம்மாவின் மகனுக்கு நேர்ந்தது வெளியிலிருந்து வந்த ஒருவர் மூலம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லவேண்டும். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சீட்டுக் குலுக்காமலே அந்த வேலை என்மேல் விழுந்தது. மண்டபத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நாற்பது அடிகூட இராது. நான் தண்ணீர் குடித்தேன், யாரோ ஒருவருடைய குழந்தையைத் தூக்கினேன், வாசல்வரை போய்த் திரும்பினேன். அப்போது என் உதடுகளில் ஓடியவை பத்திரிகைச் செய்தியோ தேவாரமோ அல்ல, அந்தக் காவலாளியின் வரிகள். போய்ச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு எழுந்து, பாயைச் சுருட்டிச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் கிணற்றடிப் பக்கம் போனார். நான்கு பெண்கள் அவருக்குப் பின்னால் ஓடினார்கள். யூரிடிசி உள்ளே போகும் இடத்தை நாடகத்தில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாய்தான் தெரிகிறது.

ஆகவே, ‘இன்றைய கொழும்பில்’ என்று நீங்கள் சொன்னதைத்தான் உங்கள் பிள்ளைகள் செய்யவில்லை என்கிறேன். கறுப்புக் கண்ணாடியால் ஒரு கதை இன்றையதாகிவிடாது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று இந்த நாட்டில் வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி இறுதிவரை, அடக்கம் செய்வதைத் தம் மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்களிடமிருந்து உடல்கள் எடுத்துச் செல்லப்பட்டன. 2020 டிசம்பரில், பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தை பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டபோது, பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இறந்தவருக்குச் செய்யவேண்டியதை அரசகட்டளை தடுக்கலாமா என்ற கேள்வி உங்கள் பாடசாலையிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் நடந்திருக்கிறது. அப்போது உங்கள் மாணவர்களுக்குப் பத்து, பதினொரு வயது. அவர்களில் யாராவது ஒருவருடைய வீட்டுக்கு அந்த நாட்களில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். அதை எடுத்தது யார், மற்றவர்களிடம் எப்படிச் சொன்னார் என்று கேட்டு வரச் சொல்லியிருந்தால் டுரோனுக்கு வேலையே இருந்திராது. வடக்கிலோ, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடித் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாருக்கு அந்தத் தூதன்கூட வந்து சேரவில்லை.

சிறு வயதினருக்கு இது கனமாகிவிடும் என்று பயப்படாதீர்கள். அவர்கள் கைபேசியில் பார்ப்பவற்றை விட இது கனமானதல்ல. பெற்றோரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள், எந்தப் பிள்ளையையும் தன் வீட்டுத் துக்கத்தைச் சொல்ல வற்புறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

காணொளியைக் கைவிடவேண்டாம், இன்னொருமுறை எடுக்கட்டும். கிரேக்க மேடையில் கோரசைத் தவிர்த்துப் பேசும் நடிகர்கள் மூவரே. முகமூடியை மாற்றி மாற்றி அவர்களே எல்லாப் பாத்திரங்களையும் ஏற்றார்கள். உங்கள் குழுக்களையும் மும்மூன்று பேராகப் பிரித்துவிடுங்கள், ஒளிந்துகொள்ள எவருக்கும் இடமிராது. தனித்தனியாகப் புள்ளியிடும் சிக்கலும் பாதி தீர்ந்துவிடும். கமெராவை ஒரு நாற்காலியில் அசையாமல் வையுங்கள். வெட்டக்கூடாது, பின்னணி இசை கூடாது. சொல்பவருடைய முகம் பாதி நேரம், கேட்பவருடைய முகம் பாதி நேரம். பேச்சு மனப்பாடமான பிறகுதான் படப்பிடிப்பு. மனப்பாடம் பழைய முறை என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் காணொளியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, “போஸ், யாரோ புதைச்சிட்டாங்க” என்று சொல்லிவிட்டு மறைந்துபோகும் ஒரு மெலிந்த பையன் இருக்கிறான். மூன்று விநாடிதான் வருகிறான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அவன் ஹெல்மெட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிக்கிறான். அது நீங்கள் சொல்லிக்கொடுத்ததாக இருக்காது. காவலாளியின் பேச்சு முழுவதையும் அவனிடம் கொடுத்து, ஒரு மாலை கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆறு மணிக்குப் பிறகு ரயில்கள் அடுத்தடுத்து வரும். கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.

அன்புடன்.