ஹேம் பேண்டில் ஏதோ கத்துது, என்ன அது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஹேம் பேண்ட் என்றால் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை. அதில் கேட்ட சத்தங்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதிலுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். சத்தத்தை வாட்ஸ்அப் வாய்ஸாக அனுப்பாதீர்கள், அது மனுசக் குரலுக்காகச் சுருக்கப்படுவது, நமக்கு வேண்டிய நுணுக்கமெல்லாம் அதிலேயே போய்விடும். எஸ்டிஆர் (கணினி வழி ரிசீவர்) மென்பொருளிலேயே வேவ் கோப்பாகப் பதிந்து, வாட்டர்ஃபால் படமும் (சிக்னல்களை நேரவாரியாகக் கோடுகளாகக் காட்டும் படம்) சேர்த்து அனுப்புங்கள். சிக்னல் எவ்வளவு அகலம், எத்தனை நொடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது, இந்த இரண்டும் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

14.074 மெகாஹெர்ட்ஸில் பகல் முழுக்க விசில் கூட்டம். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் (சிக்னலை எழுத்தாக்கும் மென்பொருள்) போட்டும் ஒரு எழுத்தும் வரவில்லை. (தலவாக்கலை)

அது எஃப்டி-8 என்ற மோட் (கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் முறை), சந்தேகமே வேண்டாம். 2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கியது. ஒவ்வொன்றும் 50 ஹெர்ட்ஸ் அகலம், எட்டு தொனி. வாட்டர்ஃபாலைப் பாருங்கள்: நிமிடத்துக்கு நாலு தரம் எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் தொடங்கி, 12.64 நொடி ஓடி, ஒன்றாக அறுந்துவிடும். உங்கள் படத்தில் இது தெளிவாகவே தெரிகிறது, ஆகவே ஆன்டெனாவில் குறையில்லை, கணினியின் கடிகாரம்தான் பிந்திப் போயிருக்கும். இன்டர்நெட் சரியாகக் கிடைக்காத தோட்டங்களில் நாள்கணக்கில் ஆஃப்லைனில் கிடக்கும் லேப்டாப்புக்கு இது சகஜம். போன் நேரத்தோடு நொடி பிசகாமல் ஒத்துப்போக வையுங்கள், ஒரு நொடிக்குமேல் விலகல் இருக்கக் கூடாது. அப்புறம் ரிசீவர் யுஎஸ்பி மோடில் (கேபிள் அல்ல, அப்பர் சைட்பேண்ட்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இதே மாதிரி 7.5 நொடிக்கு ஒருமுறை வந்தால் அதன் வேகமான தம்பி எஃப்டி-4. இரட்டைப்படை நிமிடத்தில் தொடங்கி இரண்டு நிமிடம் வரை ஓடும் மெல்லிய ஒற்றைக் கோடு டபிள்யூஎஸ்பிஆர் என்ற இன்னொரு மோட்.

மாலையானால் 7 மெகாஹெர்ட்ஸில் சம இடைவெளியில் கரகரப்பு. எந்த மோட் இது? (பண்டாரவளை)

மோடே இல்லை. சம இடைவெளியில், ஓரம் கலங்கி, மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் சார்ஜரோ எல்இடி பல்போ. ரிசீவரை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் பக்கத்து வீடாக இருக்கலாம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கு ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்து காம்பராவின் (அறையின்) டிவி இருக்கும், சண்டைக்குப் போகாமல் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். ஊரெல்லாம் கரண்ட் போகும் நேரத்தையும் விடாதீர்கள், அப்போது பேட்டரியில் கேட்டால் உங்கள் பேண்ட் உண்மையில் எப்படி இருக்கும் என்று தெரியும். இன்னொரு வழி, இணையத்தில் கிவிஎஸ்டிஆர் ரிசீவர் ஒன்றைத் திறந்து அதே அதிர்வெண்ணுக்குப் போவது. அங்கேயும் அதே சத்தம் வந்தால்தான் வானத்து வழியாக வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்டிஎல்-எஸ்டிஆரில் (கணினியில் செருகும் சின்ன டாங்கிள் ரிசீவர்) 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் எஃப்எம் பாட்டு கேட்கிறது. (நுவரெலியா)

மலை உச்சி எஃப்எம் கோபுரங்களுக்குப் பக்கத்தில் 8-பிட் டாங்கிள் திணறத்தான் செய்யும். கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறையுங்கள். உண்மையான சிக்னல் அதே அளவுக்கு இறங்கும், டாங்கிளுக்குள்ளேயே உருவான போலி சட்டென்று காணாமல் போகும். எஃப்எம் வானொலியின் 88–108 மெகாஹெர்ட்ஸைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்று வாங்கிப் போடுவது நல்லது.

145.800இல் இரண்டு நிமிடம் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிட்டது. (அப்புத்தளை)

சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வரும் எஸ்எஸ்டிவி படமாகத்தான் (ஒலியாக மாற்றி அனுப்பும் படம்) இருக்கும், பிடி-120 மோட். எப்போதும் வராது, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் அனுப்புவார்கள். எஃப்எம்மில் வைத்து, போனில் ரோபோட்36 செயலியைத் திறந்து பக்கத்தில் பிடியுங்கள், படம் விழும். பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு நிலையம் மலைக்கு மேல் ஏறும்வரை ஒன்றும் கேட்காது.

அண்ணா, 14 மெகாஹெர்ட்ஸில் ட்ர்ர்ர் என்று அகலமாக ஒன்று வந்து எல்லாரையும் மூடிவிடுகிறது. டிகோட் பண்ண முடியுமா? (மஸ்கெலியா, பாடசாலை மாணவர்)

தம்பி, இது நல்ல கேள்வி. முதலில் அளந்து பார்ப்போம். ஏஎம்மில் வைத்துப் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். முகடுக்கு முகடு 20 மில்லிநொடி இருந்தால் நொடிக்கு 50 தடவை. இங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் நம் வீட்டுக் கரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான். கம்பியில் பொறி பறந்தால் பெரும்பாலும் நொடிக்கு 100 வரும், அதற்கு ஓரமும் இருக்காது, பேண்ட் முழுக்கப் பரவிக் கிடக்கும். நீங்கள் அனுப்பிய படத்திலோ இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கிறது, அகலம் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். ஆகவே இது அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து அடிவானத்துக்கு அப்பால் பார்க்கும் ரேடார். ரஷ்யாவின் கொன்டெய்னர் ரேடார் நொடிக்கு 50 தடவை வருவதற்குப் பேர்போனது, ஆனாலும் இதை மட்டும் வைத்து நாட்டின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். 1976இல் தொடங்கிய சோவியத் ரேடார் நொடிக்கு 10 தடவை தட்டியது, அதனால்தான் அதற்கு மரங்கொத்தி என்று பெயர் வந்தது.

டிகோட் பண்ண அதில் செய்தி எதுவும் இல்லை. ஆனால் 14.000 முதல் 14.250 வரை உலகம் முழுக்க அமெச்சூர்களுக்கென்றே ஒதுக்கியது, அங்கே இது வருவது அத்துமீறல். யுடிசி என்ற உலகப் பொது நேரம் (நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழிக்கவும்), தொடக்க, முடிவு அதிர்வெண், நொடிக்கு எத்தனை தடவை, எல்லாவற்றையும் குறித்து, பதிவோடு இலங்கை ரேடியோ சொசைட்டிக்கு அனுப்புங்கள். இப்படி வரும் குறிப்புகளைத் திரட்டத்தான் ஐஏஆர்யுவின் (சர்வதேச அமெச்சூர் வானொலிச் சங்கத்தின்) கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. கேட்டுக் குறிப்பதோடு நிறுத்துங்கள், பதிலுக்கு எதையும் அனுப்பிப் பார்க்க வேண்டாம். அனுப்புவதற்கு தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அந்தப் பரீட்சைக்கு இப்போதிருந்தே படியுங்கள்.