நகர மையத்திலிருந்து தள்ளி இருக்கும் மலிவான கெஸ்ட் ஹவுஸில் தங்கி ஏமாந்த அனுபவம் உண்டா? மறுபடி அப்படி ஓர் இடத்தில் தங்குவீர்களா?

உண்டு. இனிமேல் தங்கவே மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். ஆனால் புக்கிங் தளத்தில் போட்டிருக்கும் தூரத்தையும், தங்கியவர்கள் தந்த மொத்த மதிப்பெண்ணையும் நம்பி மட்டும் போகமாட்டேன்.

தூரத்தை முதலில் சொல்கிறேன், மற்ற குறைகளையெல்லாம் பெரிதாக்கியது அதுதான். மையத்திலிருந்து 6 கி.மீ. என்று போட்டிருந்தார்கள். புக்கிங் தளங்களில் காட்டும் தூரம் பெரும்பாலும் வரைபடத்தில் இழுத்த நேர்கோட்டுத் தூரம். நடுவில் ஓர் ஆறோ ரயில் பாதையோ வந்துவிட்டால் சாலை சுற்றிக்கொண்டுதான் போகும். எங்களுக்கு 11 கி.மீ. ஆனது. பகலில் பேருந்து இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசிப் பேருந்து போனபிறகுதான் சிக்கல். அந்த ஒதுக்குப்புறத்திலிருந்து திரும்பும்போது சவாரி கிடைக்காது என்று டாக்ஸிக்காரர்கள் பலர் வர மறுத்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகும் வாடகையையும் சேர்த்துக் கேட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அறை வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விட்டது.

பணத்தைவிட எனக்கு வருத்தமாக இருந்தது மாலை நேரம் வீணானதுதான். விளக்குகள் ஏற்றி ஊர் களைகட்டும் நேரத்தில் நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூட வந்திருந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. மதியம் அறைக்குப் போய் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வயதானவர்களையோ கைக்குழந்தையையோ அழைத்துப்போகிறவர்கள் இந்த ஒன்றுக்காகவே மையத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்கலாம்.

அப்புறம் அறை. தரைத்தளம் வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்டு, சரி என்று பதிலும் வந்திருந்தது. போனால் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. "கீழே ஒண்ணும் காலி இல்லை சார், நாளைக்கு மாத்தித் தர்றேன்" என்றார் மேனேஜர். கடைசிவரை மாற்றித் தரவில்லை.

கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் முகத்தில் அடித்தது. இதன் காரணம் தெரிந்திருந்தால் அறையைப் பற்றி நிறையப் புரியும். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். அறை ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும், நாற்றம் ஏறிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். அவர்கள் வாசனை ஸ்பிரே அடித்துவிட்டுப் போனார்கள். நானே தண்ணீர் பிடித்து ஊற்றினேன், கொஞ்ச நேரத்தில் நாற்றம் அடங்கிவிட்டது. ஆள் வருவதற்கு முன் யாருமே அந்த அறையைத் திறந்து பார்க்கவில்லை என்பது அப்போதே தெரிந்தது. வாடகை குறைவு என்றால் அறை சின்னதாக இருக்கட்டும், டிவி இல்லாமல் இருக்கட்டும். முன்பு படுத்தவரின் தலைமுடி போர்வையில் ஒட்டியிருப்பதை விலை குறைவு என்பதற்காகப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது.

மூட்டைப்பூச்சி நல்லவேளையாக இல்லை. பெட்டியைக் கட்டில்மேல் வைப்பதற்கு முன்பே பார்த்துவிடுவேன். மெத்தையின் ஓரத் தையல், கட்டிலின் தலைமாட்டுப் பலகை, இந்த இரண்டு இடத்திலும் மைப்புள்ளி மாதிரி கறுப்புக் கறைகள் இருந்தால் அந்த அறை வேண்டாம். வளர்ந்த பூச்சி சுமார் 5 மி.மீ. இருக்கும், கண்ணுக்கே தெரியும். மாற்று அறை கேட்கும்போது பக்கத்து அறையை வாங்காதீர்கள், சுவர் இடுக்கு வழியாக அங்கேயும் போயிருக்கும். இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும்: குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் இருந்து, புகை வெளியே போகக் குழாயும் ஜன்னலும் இல்லையென்றால் அதைப் போடவே போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கப் போனவர்கள் உயிரோடு திரும்பாத வீடுகள் இருக்கின்றன.

அங்கே வேலை பார்த்த பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. வரவேற்பு, பெருக்குவது, துணி மாற்றுவது எல்லாம் அவன் ஒருவன்தான். அம்மாவின் பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்ததும், கீசர் வேலை செய்யாத காலையில் கீழேயிருந்து வெந்நீர் கொண்டுவந்து தந்ததும் அவனே. அந்த இடத்தின் மொத்த மதிப்பெண் அவ்வளவு நன்றாக இருந்ததற்கு அவனும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தங்கியவர்கள் பணியாளருக்கும், கொடுத்த காசுக்கு ஏற்ற இடமா என்பதற்கும் தாராளமாக மதிப்பெண் போடுகிறார்கள், சுத்தத்துக்கு வாங்கிய குறைந்த மதிப்பெண் சராசரியில் மறைந்துவிடுகிறது. பல தளங்களில் சுத்தத்துக்கும் இருப்பிடத்துக்கும் தனித்தனி மதிப்பெண் இருக்கும். அதைப் பாருங்கள். ரிவியூக்களைப் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, தங்கியவர்களே எடுத்துப்போட்ட படங்களைப் பாருங்கள். விடுதி போடும் படங்கள் பெரும்பாலும் அகலக்கோண லென்ஸில் எடுத்தவை, கட்டிலைச் சுற்றி இல்லாத இடமெல்லாம் அதில் இருப்பதுபோலத் தெரியும்.

முறையிடுவதாக இருந்தால் முதல் நாளே, படங்களோடு, புக்கிங் தளத்தின் செய்தி வழியாகவே எழுதுங்கள். மேனேஜரிடம் வாயால் சொன்னதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. தரைத்தளம் தருவதாக அவர்கள் எழுதிய பதில் எங்களிடம் இருந்ததால்தான் ஒரு பகுதிப் பணமாவது திரும்பி வந்தது.

சொந்த வண்டியில் போகிறீர்கள், அல்லது உங்கள் வேலையே அந்தப் பக்கம்தான் என்றால் இப்படிப்பட்ட இடம் உங்களுக்குச் சரியாகவே அமையலாம். மற்றவர்கள் பணம் கட்டுவதற்கு முன் வரைபடத்தில் இரவு பத்து மணிக்குக் கிளம்புவதாக நேரம் வைத்து, ஊருக்குள்ளிருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்று பாருங்கள். பேருந்து எதுவும் காட்டவில்லையென்றால் தினமும் ஒரு டாக்ஸிச் செலவை வாடகையோடு கூட்டி, அந்தத் தொகைக்கு மையத்தில் அறை கிடைக்கிறதா என்று தேடுங்கள்.