பழைய வீட்டு ஃபியூஸ் பெட்டி: வாசகர் கேள்விகளும் வயர்மேன் பதில்களும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வயரிங் வேலை பார்க்கிறேன். மழைக்காலம் வந்தால் போதும், பழைய வீடுகளிலிருந்து கேள்விகள் குவிந்துவிடும். இந்தத் தடவை வந்ததில் ஒன்று அவசரமானது, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டிபி பெட்டி (வீடு முழுக்கக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பக்கம் போனால் கருவாட்டு வாடை. எலி செத்துக் கிடக்கிறதோ என்று தேடினோம், ஒன்றுமில்லை. (செந்தூல்)

அது எலி இல்லை அம்மா. சுவிட்ச், ஃபியூஸ் பெட்டிகளில் இருக்கும் சில பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் வாடைதான் வரும். பெரும்பாலும் உள்ளே ஒரு திருகு தளர்ந்து, வயர் சரியாகப் பிடிக்காமல் அந்த இடம் கொதிக்கும். கரண்டின் அளவு கூடுவதில்லை என்பதால் எம்சிபி (கரண்டு அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழாது, ஃபியூஸும் போகாது. மூக்கு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். மெயின் சுவிட்சை இப்போதே அணையுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் இருப்பது கெட்டாலும் பரவாயில்லை, வயர்மேன் வந்து பார்க்கும்வரை கரண்டு போடாதீர்கள். புகை வந்தாலோ பெட்டியே தொட முடியாமல் சுட்டாலோ, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 999-ஐ அழையுங்கள்.

எங்கள் வீட்டில் இன்னும் மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ்தான். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட ஃபியூஸ் போனதில்லை. எதற்கு மாற்ற வேண்டும்? (ஜார்ஜ்டவுன்)

ஒருமுறைகூடப் போகவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் பக்கத்திலேயே ஒரு பழைய கடைவீட்டில் விளக்குக்கான 5 ஆம்பியர் ஃபியூஸை உருவிப் பார்த்தேன். தலைமுடி போல மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று செப்புக் கம்பிகளை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். என்றோ ஒரு ராத்திரி ஃபியூஸ் போய், கையில் கிடைத்ததைச் சுற்றி விளக்கை எரியவைத்திருக்கிறார்கள். அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கம்பி உருகவே உருகாது. அதற்கு முன் கூரைக்குள் ஓடும் வயர் உருகும். அந்த வீட்டு வயரின் ரப்பர் உறையை விரலால் தொட்டேன், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதற்கு ஒரு சாண் தூரத்தில் கூரை மரம்.

இன்னொன்று. மிகப் பழைய பலகைகளில் லைவ் (கரண்டு வரும் வயர்), நியூட்ரல் (கரண்டு திரும்பும் வயர்) இரண்டிலும் ஃபியூஸ் இருக்கும். நியூட்ரல் பக்கத்து ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் ஹோல்டரில் கரண்டு அப்படியே நிற்கும். கரண்டு இல்லை என்று நம்பி ஸ்டூலில் ஏறிக் கை வைப்பவரை நினைத்துப் பாருங்கள். மாற்றிவிடுங்கள் ஐயா, தள்ளிப்போடாதீர்கள்.

இடி இடித்தாலே இஎல்சிபி விழுகிறது. தெரிந்தவர் ஒருவர் அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடலாம் என்கிறார். (ஆயர் ஈத்தாம்)

வேண்டவே வேண்டாம் தம்பி. எம்சிபி காப்பது வயரை, இஎல்சிபி காப்பது ஆளை. லைவில் போன கரண்டு நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அது சதா கணக்குப் பார்க்கிறது. குறைந்தால், எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒருவரின் உடம்பு வழியாக, என்று எடுத்துக்கொண்டு நொடிக்குள் துண்டித்துவிடுகிறது.

இடியோடு மட்டும் விழுந்தால் மின்னல் அதிர்வு காரணமாக இருக்கலாம். அதற்கு டிபியில் அந்த அதிர்வைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் போடலாம். மழை விட்ட பிறகும் நிற்காமல் விழுந்தால் வாசல் விளக்கு, கேட் மோட்டார் என்று வெளியே எங்கோ தண்ணீர் இறங்கியிருக்கும். எல்லா எம்சிபியையும் அணைத்து, இஎல்சிபியைத் தூக்கி, எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. எல்லாம் அணைந்திருக்கும்போதே விழுந்தால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். அது வயர்மேன் வேலை.

வாடகை வீடு. குளிக்கும்போது வாட்டர் ஹீட்டர் தண்ணீரில் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது. வீட்டுக்காரர் "அது அப்படித்தான்" என்கிறார். (பிரிக்ஃபீல்ட்ஸ்)

அப்படி இருக்கவே கூடாது. இன்றிலிருந்து அந்த ஹீட்டரைத் தொடாதீர்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும், அதற்கு டிபியிலிருந்து தனி லைன் வேண்டும். 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள் ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் பாதுகாப்பைக் கேட்கின்றன. பல பழைய வீடுகளில் மொத்த வீட்டுக்கும் ஒரே ஒரு 100 மில்லி ஆம்பியர் இஎல்சிபிதான் இருக்கும். அந்த அளவு கரண்டு உடம்பில் பாய்ந்தால் உயிரே போகலாம். வீட்டுக்காரரிடம் இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள்.

இஎல்சிபியில் இருக்கும் டி (T) பொத்தான் எதற்கு? (கெப்போங்)

சோதிக்க. மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் பழுது, மாற்றுங்கள்.

புதுப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். மருமகனே மாட்டிவிடுவார், சரிதானே? (பட்டர்வொர்த்)

சரியில்லை ஐயா. மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து அதற்கு வரும் வயரில் கரண்டு இருந்துகொண்டே இருக்கும். மீட்டரும் சீலும் மின்சார நிறுவனமான தெனாகாவுடையவை, அவற்றில் நாம் கை வைக்கக் கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு செய்த மின்வேலைக் குத்தகையாளரை (கான்ட்ராக்டரை) கூப்பிடுங்கள். பெட்டியை மாட்டுவதற்கு முன்பே பழைய வயர்களை மெகரில் (வயர் உறை கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கருவி) சோதித்து, ஒவ்வொரு லைனின் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் லைனில் புதுப் பெட்டி மட்டும் போட்டுப் பயனில்லை, அந்த லைனின் வயரையும் மாற்ற வேண்டியிருக்கும். பணம் கூட ஆகும், முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.