டாக்டரம்மா பதில்கள்: வீட்டுல அம்மை, பன்னெண்டு நாள்ல காதுகுத்து!

கேள்வி: டாக்டரம்மா, என் பையனுக்கு ஏழு வயசு. ஸ்கூல்லேர்ந்து அம்மையை வாங்கிட்டு வந்துட்டான், முந்தாநேத்து முதுகுல நாலு கொப்புளம், இன்னிக்கு தலைமுடிக்குள்ள வரைக்கும் இருக்கு. எங்க வீடு ஒரு ரூம், ஹால், கிச்சன், பாத்ரூம் ஒண்ணுதான். எனக்கும் மாமியாருக்கும் சின்ன வயசுலயே வந்து போயிருச்சு, வீட்டுக்காரருக்கு வந்ததே இல்லையாம். இதுல சின்ன நாத்தனார் அஞ்சு மாச கர்ப்பமா இங்கதான் இருக்கா, அவளுக்கும் வந்த மாதிரி ஞாபகம் இல்லங்கிறா. மாமியார் நிலைவாசல்ல வேப்பிலை சொருகிட்டாங்க, தாளிக்கக்கூடாது, மாத்திரை கூடாது, மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் வரக்கூடாதுங்கிறாங்க. பன்னெண்டு நாள்ல பெரிய நாத்தனாரோட ஒரு வயசுக் குழந்தைக்கு காதுகுத்து, என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். பையனை மட்டும் வீட்டுல விட்டுட்டுப் போகலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல்ல உங்க சின்ன நாத்தனார். இதைப் படிச்ச கையோட அவங்களை கர்ப்பத்துக்குப் பாக்குற டாக்டர்கிட்ட அனுப்புங்க, பையனைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ரத்தத்துல இந்த அம்மைக்கு, அதாவது சின்னம்மைக்கு (சிக்கன்பாக்ஸ்), எதிர்ப்பு சக்தி இருக்கான்னு ஒரு டெஸ்ட் இருக்கு. இருந்தா நிம்மதி. இல்லன்னா இம்யூனோகுளோபுலின்னு, எதிர்ப்பு சக்தியை நேராவே குடுக்குற ஒரு ஊசி, தொத்தின 10 நாளுக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஏன்னா கர்ப்பத்துல அம்மை வந்தா நிமோனியா வரைக்கும் போகலாம். பயந்துபோய் அவங்களை வேற சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடாதீங்க, அங்க ஒரு கைக்குழந்தை இருந்தா என்ன ஆகும்?

உங்க வீட்டுக்காரர் விஷயம், அவங்க அம்மாகிட்டயே இன்னொரு தடவை கேளுங்க, குழந்தையில லேசா ரெண்டு கொப்புளம் வந்து மறந்திருப்பாங்க. நிஜமாவே வரலன்னா, தொத்தின 3லேர்ந்து 5 நாளுக்குள்ள தடுப்பூசி போட்டா வராம தடுக்கலாம் இல்ல லேசா போயிடலாம், அதனால இன்னிக்கே டாக்டரைக் கேட்கணும். பெரியவங்களுக்கு வந்தா குழந்தைங்களை விட கடுமையா இருக்கும், அதுவும் ஒரே வீட்டுல ரெண்டாவதா வர்றவங்களுக்கு முதல் ஆளை விட கொப்புளம் ஜாஸ்தியா போடுறதைப் பாத்திருக்கேன். அப்படி வந்துட்டா, முதல் கொப்புளம் தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள டாக்டர் எழுதித் தர்ற, அம்மைக் கிருமியை அடக்குற மாத்திரையை ஆரம்பிச்சாதான் முழுப் பலன்.

பையனும் நீங்களும் ரூம்ல படுங்க, இல்லன்னா மாமியார் படுக்கட்டும், ஏற்கெனவே வந்தவங்கதான் பக்கத்துல இருக்கணும். தெருப்பக்க ஜன்னல் திறந்திருக்கணும், ஹால் பக்கக் கதவு சாத்தியிருக்கணும், இது காத்துலயும் பரவுறது. பாத்ரூமுக்கு அவன் கடைசியா போகட்டும், துண்டு தனி.

மாமியாரைத் திட்டாதீங்க, பாதிக்கு மேல சரியாத்தான் சொல்றாங்க. வேப்பிலையைப் பாத்தா வெளியாள் படியேறாம திரும்பிப் போயிடுறாங்க, எந்த நோட்டீஸ் ஒட்டினாலும் அது நடக்காது! அரிக்கிறப்போ நகத்தால சொறியாம வேப்பங்கொத்தால மெல்லத் தடவுறாங்களே, அதுவும் நல்லது (நகத்தை ஒட்ட வெட்டிடுங்க). வாய்க்குள்ளயும் கொப்புளம் இருக்கும், காரம் இல்லாத கஞ்சி, இளநீர் எல்லாம் குடுங்க. ஆனா காய்ச்சல் அடிச்சா எடைக்கு ஏத்த அளவு பாராசிட்டமால் குடுத்தே ஆகணும், ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது, மூளையையும் ஈரலையும் தாக்கிடும், ஐப்ரூஃபனும் வேண்டாம். வெதுவெதுன்னு தினமும் குளிக்கலாம். மூச்சு வாங்குனாலோ, எழுப்பினா எழுந்திரிக்காம மயக்கமா இருந்தாலோ, கொப்புளத்தைச் சுத்தி சிவந்து சூடா வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

மூணாவது தண்ணிங்கிற கணக்குலதான் எனக்கு ஒத்துப்போகல. கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒட்ட ஆரம்பிச்சிடும், எல்லாக் கொப்புளமும் பொருக்கு தட்டினப்புறம்தான் நிக்கும், சாதாரணமா 5லேர்ந்து 7 நாள், சிலருக்குக் கூட ஆகும். தண்ணியை எண்ணாதீங்க, பொருக்கைப் பாருங்க.

அதனால காதுகுத்துக்கு உங்க பையன் தாராளமா போகலாம், அதுக்குள்ள காஞ்சிருக்கும். போகக்கூடாதது தாய்மாமன்! தொத்தினா வெளிய தெரிய 10லேர்ந்து 21 நாள் ஆகும், பன்னெண்டாவது நாள்ங்கிறது நடு மத்தியில வருது, அவர் உடம்புல ஒரு புள்ளி கூட இல்லாம ஜம்முன்னு வேட்டி கட்டிட்டு உக்காந்திருப்பார், ஒரு வயசுக் குழந்தை அவர் மடியில. பையனுக்கு கடைசிக் கொப்புளம் பொருக்கு தட்டின நாள்லேர்ந்து 21 நாள் தள்ளி வேற நாள் பாக்கச் சொல்லுங்க. ரத்த டெஸ்ட்ல அவருக்கு எதிர்ப்பு சக்தி இருக்குன்னு வந்தா நாள் மாத்த வேண்டாம்.

கேள்வி: தாத்தாவுக்கு இடுப்புல அக்கி. குயவர்கிட்ட போய் காவியில எழுதிட்டு வந்துட்டார். ரெண்டு வயசுப் பேரனுக்கு ஒட்டுமா?
– வாசகர், தேனி

பதில்: அக்கியா ஒட்டாது, அம்மையா ஒட்டும். சின்ன வயசுல வந்த அதே அம்மைக் கிருமிதான் நரம்புல ஒளிஞ்சிருந்து வயசானப்புறம் அக்கியா வருது. கொப்புளம் காயுற வரைக்கும் துணியால மூடி வைங்க, பேரன் தொடாம பாத்துக்கங்க. எழுதுறது உங்க இஷ்டம், ஆனா கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர் தர்ற மாத்திரையை ஆரம்பிச்சாதான் நல்லா கேட்கும். பேரனுக்குத் தடுப்பூசி போட்டாச்சா?