அடைமழையில் பிஸ்கட் ஏன் நமுத்துப் போகிறது? வீட்டு பேக்கிங் கேள்வி பதில்

ஐப்பசி, கார்த்திகையில் சென்னை வீடுகளில் பேக்கிங் செய்கிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். கப் 240 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி., டீஸ்பூன் 5 மி.லி. வெப்பம் எல்லாம் செல்சியஸ்.

பெரம்பூர்: அக்கா, தீபாவளிக்குச் செஞ்ச நான்கட்டாய் ரெண்டே நாள்ல நமுத்துப் போச்சு. டப்பாவுலதான் போட்டு வெச்சேன். எங்க தப்பு?

மூன்று இடத்தில் பாருங்கள். முதலில் வேக்காடு. ஓரம் சிவந்ததும் எடுத்துவிட்டால் நடுவில் ஈரம் தங்கிவிடும். வெளியே எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும், மறுநாள் அந்த ஈரம் பிஸ்கட் முழுக்கப் பரவிவிடும். ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுப்பகுதி மாவு நிறத்தில் பளபளப்பாக இருந்தால், 150 டிகிரியில் இன்னும் 5 நிமிடம் வைக்க வேண்டும்.

இரண்டாவது ஆறவைத்த விதம். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் வேர்த்து உள்ளேயே சொட்டும். அதற்காக ராத்திரி முழுக்கத் திறந்து போட்டாலும் கெட்டது. சர்க்கரையும் மாவும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற சாமான்கள். கம்பி வலையில் 30 முதல் 40 நிமிடம், கைக்குச் சூடு தெரியாத வரைக்கும்தான். மழைக்குப் பயந்து ஹாலில் கொடி கட்டித் துணி உலர்த்துகிற வீடு என்றால், அந்த அறையில் ஆறவைக்காதீர்கள். துணியிலிருந்து போகிற தண்ணீர் அந்தக் காற்றில்தான் இருக்கிறது.

மூன்றாவது டப்பா. எவர்சில்வர் தூக்கு, சம்படம் இவற்றின் மூடி அழகாக உட்காரும், ஆனால் காற்றை அடைக்காது. ரப்பர் வளையம் வைத்த டப்பாதான் வேண்டும். தினமும் பத்து தடவை திறக்கிற வீட்டில் ஒரே பெரிய டப்பாவைவிட நான்கு சின்ன டப்பா மேல்.

நமுத்துப் போனதைத் தூக்கிப் போட வேண்டாம். 150 டிகிரியில் 6 நிமிடம் சூடாக்கி, நன்றாக ஆறவிட்டு எடுத்தால் மறுபடி மொறுமொறுப்பாகும்.

வியாசர்பாடி: அதே நான்கட்டாய்தான், எனக்கு ஓவன்ல வெச்சதும் அப்பளம் மாதிரி பரவிடுது.

நெய் உருகிய நிலையில் இருந்திருக்கும். நெய் மணல் மணலாக உறைந்த பதத்தில் இருந்தால்தான், சர்க்கரைப் பொடியோடு தேய்க்கும்போது காற்றைப் பிடித்துக்கொள்ளும். மழை நாளில்கூடச் சென்னையில் நெய் பல நேரம் இளகித்தான் இருக்கும். அளந்து ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வைத்து எடுங்கள்.

அளவு: மைதா 120 கிராம், கடலை மாவு 30 கிராம், ரவை 15 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், நெய் 90 கிராம், சமையல் சோடா கால் டீஸ்பூனில் பாதி, ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. நெய்யையும் சர்க்கரையையும் வெளுத்துப் போகிற வரைக்கும் 4, 5 நிமிடம் தேய்த்துவிட்டு, சலித்த மாவைச் சேருங்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசையாமல் விரலால் சேர்த்துப் பிடித்தால் போதும். உருட்டி லேசாக அமுக்கி, தட்டோடு 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிறகு 165 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம்.

மேலே அழகாக வெடிப்பதற்குப் பதில் உதிர்ந்தே போனால் நெய் போதவில்லை என்று அர்த்தம். ஒரு டீஸ்பூன் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இதெல்லாம் கப்பில் அளக்கிற விஷயமே இல்லை. ஒரே கப் மைதா, அள்ளுகிற கையைப் பொறுத்து 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

தாம்பரம்: ஏப்ரல்ல 40 நிமிஷத்துல பொங்கின பன் மாவு இப்போ ஒரு மணி நேரம் ஆகியும் அசையல. ஈஸ்ட் செத்துப் போச்சா மேடம்?

பெரும்பாலும் சாகவில்லை, சோம்பிக் கிடக்கிறது. சித்திரை வெயிலில் சமையலறை 34 டிகிரி, அடைமழையில் 25, 26. ஈஸ்ட்டுக்கு அது பெரிய வித்தியாசம். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். இரட்டிப்பாக வேண்டும். மாவு தொட்ட விரலால் அரை அங்குலம் குத்தினால் பள்ளம் மெதுவாக, பாதிதான் மேலே வர வேண்டும். சட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும். வரவே இல்லையென்றால் அதிகமாகப் பொங்கிவிட்டது. அப்படியே சுட்டால் நடுவில் அமுங்கிப் புளிப்பு வாடை அடிக்கும்.

அவசரமென்றால் ஓவனைப் போடாமல், உள்ளே ஒரு சொம்பு கொதிநீரையும் மாவுப் பாத்திரத்தையும் வைத்து மூடுங்கள். 45 நிமிடம், ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

ஈஸ்ட் மேல் சந்தேகம் இருந்தால்: கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர், அரை டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். 10 நிமிடத்தில் நுரை கட்ட வேண்டும். தண்ணீரின் சூடு 40 டிகிரிக்குள், மணிக்கட்டில் விட்டால் இதமாக இருக்கிற அளவு. காபி சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் அங்கேயே முடிந்தது. பிரித்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைக்கிற பழக்கம் இந்த ஊருக்கு ஆகாது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

8 பன்னுக்கு: மைதா 300 கிராம், காய்ச்சி ஆறிய பால் 190 மி.லி., சர்க்கரை 30 கிராம், உப்பு 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், வெண்ணெய் 30 கிராம். மழைக்காலத்தில் மைதாவே கொஞ்சம் ஈரம் குடித்திருக்கும். அதனால் பாலில் ஒரு டேபிள்ஸ்பூனை நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் மட்டும் ஊற்றுங்கள். 10 நிமிடம் பிசைந்து, பொங்கவிட்டு, உருட்டி, மறுபடி 40 நிமிடம் பொங்கவிட்டு, 190 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம்.

குரோம்பேட்டை: பையன் டிபன் பாக்ஸுக்கு இதையே முழு கோதுமை மாவுல செய்யலாமா?

செய்யலாம், செங்கல் மாதிரி வரும். கோதுமைத் தவிடு, பசைத்தன்மை இழுபடுவதை வெட்டிவிடுகிறது. பாதி மைதா, பாதி ஆட்டா போடுங்கள். ஆட்டா அதிகத் தண்ணீர் குடிக்கும் என்பதால், 150 கிராம் ஆட்டாவுக்கு 2 முதல் 3 டேபிள்ஸ்பூன் பால் கூடுதல். கலந்ததும் 20 நிமிடம் ஊறவிட்டுப் பிறகு பிசையுங்கள்.

மடிப்பாக்கம்: கேக் பாதி வேகும்போது கரன்ட் போயிடுச்சு. என்ன பண்ணணும்?

முதல் வேலை, கதவைத் திறக்காமல் இருப்பது. மூடிய ஓவன் 10 நிமிடமாவது பயன்படுகிற சூட்டை வைத்திருக்கும். கேக் 25 நிமிடத்தைத் தாண்டி, மேல்பக்கம் உறைந்திருந்தால், அந்தச் சூட்டிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும். கரன்ட் வந்ததும் மிச்சத்தைச் சுட்டுக்கொள்ளலாம்.

ஆரம்ப 15 நிமிடத்துக்குள் போனால்தான் சிக்கல். மாவில் குமிழி வந்துவிட்டது, அதைத் தாங்குகிற சுவர் இன்னும் வேகவில்லை. அடி கனமான வாணலியை மூடி போட்டு உடனே அடுப்பில் சூடாக்கி, 8 நிமிடம் கழித்து டின்னை ஆட்டாமல் மாற்றுங்கள். கொஞ்சம் அமுங்கும், ஆனால் சாப்பிடலாம். கருமேகம் திரண்டு நிற்கிற சாயங்காலத்தில் கேக்கைவிட பிஸ்கட் போடுவது புத்திசாலித்தனம். நடுவில் நின்றாலும் பிஸ்கட் பொறுத்துக்கொள்ளும்.

இன்வெர்ட்டரில் ஓவனை ஓட்டலாமா என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் ஃபேன், விளக்குக்கானது. 1500 வாட்டை அது தாங்காது.

அம்பத்தூர்: ஓடிஜி ஓவனை சாதாரண 6 ஆம்ப் பாயின்ட்ல போடலாமா சார்?

சார் இல்லை, அக்காதான். 6 ஆம்ப் என்றால் 230 வோல்ட்டில் 1380 வாட் வரைக்கும்தான். உங்கள் ஓடிஜி அதற்கு மேல் என்றால் 16 ஆம்ப் பாயின்ட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, அதிலும் சுவரில் ஓதம் ஏறியிருக்கிற மாதத்தில்.

மயிலாப்பூர்: வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கார். பிள்ளைக்குப் பிறந்தநாள். முட்டை இல்லாம கேக் பஞ்சு மாதிரி வரணும்.

மைதா 190 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 240 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 120 மி.லி., பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு சிட்டிகை. வெனிலா எசென்ஸ் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு. மாலை போட்ட வீட்டில் ஏலக்காயோ ஆரஞ்சுத் தோல் துருவலோ போட்டுவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

ஓவனை முன்பே 180 டிகிரிக்குச் சூடாக்கி, டின்னில் எண்ணெய் தடவி பட்டர் பேப்பர் போட்டு வைத்துவிடுங்கள். இந்த மாவு காத்திருக்காது. தயிரும் சர்க்கரையும் கரைந்ததும் பேக்கிங் பவுடரும் சோடாவும் போட்டு 4 நிமிடம் விட்டால் நுரைத்து மேலே வரும். எண்ணெய், வாசனை, பிறகு மைதாவை மூன்று தவணையாகச் சலித்துச் சேருங்கள். மாவு மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். கட்டி தெரிகிறதே என்று அடித்துக்கொண்டே இருந்தால் பசை கட்டி, நடுவில் களி மாதிரி ஒரு கோடு விழும். 7 அங்குல டின்னில் 180 டிகிரி, 35 முதல் 40 நிமிடம்.

நுரைக்கவே இல்லையென்றால் சாமான் பழசு. பேக்கிங் பவுடரைக் கொதிநீரில் அரை டீஸ்பூன் போட்டால் பொங்க வேண்டும். சோடாவுக்கு எலுமிச்சைச் சாறு. சோடாவைக் கூட்டிப் போட்டு ஈடுகட்டப் பார்க்காதீர்கள், சோப்பு ருசி வந்துவிடும்.

தண்டையார்பேட்டை: ஓவனே இல்ல. குக்கர்ல செய்யலாமா?

பிரஷருக்குப் பயன்படுத்துகிற குக்கர் வேண்டாம். தண்ணீரில்லாமல் சூடாக்கினால் கோணிக்கொள்ளும். பழைய குக்கர் இருந்தால் வெயிட்டையும் கேஸ்கெட்டையும் கழற்றிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் கனமான வாணலி. அடியில் 2 கப் கல்லுப்பு, அதன் மேல் ஒரு ஸ்டாண்ட், மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்கி டின்னை வைத்து, தீயைச் சிம்மில் போடுங்கள். மேலே சொன்ன தயிர் கேக் 45 முதல் 50 நிமிடம் பிடிக்கும். மேல்பக்கம் சிவக்காது, அது கோளாறு இல்லை. வாணலி மூடியில் ஆவி சொட்டினால் மூடியைத் துணியால் சுற்றி, முனைகளை மேலே முடிந்துவிடுங்கள். தீக்குக் கிட்டே துணி தொங்கக் கூடாது.

அண்ணா நகர்: வெளிநாட்டு ரெசிபில இலையுதிர் காலம்னாலே பூசணி, பட்டை போட்ட கேக். நம்ம பரங்கிக்காய்ல செஞ்சா சொதசொதன்னு வருது.

அவர்கள் எடுப்பது டப்பாவில் அடைத்த, ஏற்கெனவே தண்ணீர் சுண்டிய கூழ். நம் பரங்கியை வேகவைத்து அரைத்தால் தண்ணீர் அப்படியே இருக்கும். குக்கரில் போடாமல் இட்லிப் பானையில் துண்டுகளை ஆவியில் வேகவைத்து, மசித்து, வாணலியில் எண்ணெயில்லாமல் 10 நிமிடம் கிளறுங்கள். கரண்டியால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். ரெசிபி கேட்கிற கிராமை இதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த ரெசிபிகள் 'அறை வெப்பநிலையில் வெண்ணெய்' என்றால் 20 டிகிரியை மனதில் வைத்துச் சொல்கின்றன. நம் வீட்டு அறையில் அந்த வெண்ணெய் எண்ணெய் மினுக்கோடு குழைந்துவிடும். அழுத்தினால் விரல் பதியவும் வேண்டும், தொடுவதற்குக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 15, 20 நிமிடத்திலேயே அந்தப் பதம் வந்துவிடும்.

வேளச்சேரி: கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்குப் பழம் எப்போ ஊறப் போடணும்? எங்க வீட்ல ரம் வேண்டாம்.

ரம் என்றால் நவம்பர் முதல் வாரத்திலேயே போட்டு, ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் வெளியே வைக்கலாம். ஆரஞ்சுச் சாற்றில் அப்படிச் செய்தால் இந்த ஊரில் நாலே நாளில் நுரைத்துப் புளித்துவிடும். திராட்சை, பேரீச்சை, செர்ரி எல்லாம் சேர்ந்து 300 கிராமுக்கு 200 மி.லி. சாறு விட்டு, சிறு தீயில் 10 நிமிடம் சுண்டவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் கேக் போட வேண்டும். டூட்டி ஃப்ரூட்டியை ஊறப் போடாதீர்கள், கரைந்து சாயம் இறக்கும்.

நிறத்துக்கு 100 கிராம் சர்க்கரையை அடி கனமான பாத்திரத்தில் கருஞ்சிவப்பாக உருக்கி, அடுப்பை அணைத்து, 80 மி.லி. கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பயங்கரமாகத் தெறிக்கும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது. புகை வந்து கறுத்துவிட்டால் கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

பள்ளிக்கரணை: மைதா, ரவையில வண்டு. பிரிஞ்சி இலை போட்டும் வருது.

இலையை நம்ப வேண்டாம். வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு 4 நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் அழியும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், பாக்கெட் மேல் வேர்ப்பது அடங்கி, தொட்டால் குளிர்ச்சி போன பிறகு டப்பாவில் கொட்டுங்கள்.

திருவொற்றியூர்: தீபாவளி மைசூர்பாகு ஒரு டப்பா மிச்சம். பசங்க தொட மாட்டேங்குறாங்க.

மேலே சொன்ன நான்கட்டாயில் போட்டுவிடுங்கள். 100 கிராம் மைசூர்பாகை உதிர்த்துச் சேர்த்தால், ரெசிபியின் சர்க்கரையில் 40 கிராமும் நெய்யில் 35 கிராமும் குறையுங்கள். கடலை மாவும் வேண்டாம், அதுதான் உள்ளேயே இருக்கிறதே. சீக்கிரம் சிவக்கும் என்பதால் 155 டிகிரி. கல் மாதிரி கெட்டியானதாக இருந்தால் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரே மூச்சில் ஓட்டினால் நெய் பிரிந்து பிளேடில் அப்பிக்கொள்ளும்.

கொளத்தூர்: வீட்டு பிரெட் மூணாம் நாள் பூஞ்சை பூக்குது. ஃபிரிட்ஜ்ல வெச்சா வறண்டு போகுது.

இரண்டும் அப்படித்தான் ஆகும். ஃபிரிட்ஜ் குளிரில் மாவுச்சத்து சீக்கிரம் இறுகும். அன்றே சாப்பிடுகிற அளவை வெளியே வைத்து, மிச்சத்தை ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் எடுத்து நேரே தோசைக்கல்லில் போடலாம். பூஞ்சை வந்த துண்டை மட்டும் பிய்த்துப் போட்டுவிட்டு மற்றதைச் சாப்பிட வேண்டாம், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் ஓடியிருக்கும்.