முன்னோர் உணவுக்குத் திரும்பினால் சர்க்கரை நோய் குறையுமா?

ஓரளவு குறையலாம். ஆனால் அவர்கள் உண்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, வாழ்ந்த விதத்தை விட்டுவிட்டால் அந்தப் பலன் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. கம்பும் கேழ்வரகும் போதும் என்று வாதிடுவோரிடம் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கீலா ஆற்றங்கரையில் வாழும் பீமா பழங்குடியினரைத்தான்.

அவர்கள் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்த உழவர்கள். மக்காச்சோளம், பூசணி, வறட்சியைத் தாங்கும் டெப்பாரி என்னும் சிறு அவரை ஆகியவற்றை விளைவித்தனர். மெஸ்கீட் மரத்தின் நெற்றுகளை இடித்து மாவாக்கியும் உண்டனர். (இது நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு, இங்கே அந்த நெற்று ஆடுகளுக்குத்தான் போகிறது.) டெப்பாரியும் மெஸ்கீட்டும் மெதுவாகச் செரிப்பதால், இரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேல்பகுதியில் குடியேறியவர்கள் நீரைத் திருப்பிக்கொண்டதால் வயல்கள் காய்ந்தன. பிறகு அரசு ரேஷனாக வந்த வெள்ளை மாவு, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை ஆகியவையே அன்றாட உணவாயின. அந்த மாவைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த ரொட்டி இன்று அப்பழங்குடியினரின் பாரம்பரிய உணவு என்றே பலராலும் கருதப்படுகிறது.

1908இல் வெளியான ஆய்வொன்று அவர்களிடையே ஒரே ஒரு நீரிழிவு நோயாளியைத்தான் குறிப்பிடுகிறது. 1965இல் தொடர் ஆய்வு தொடங்கிய பின்னரோ, 35 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அந்நோய் இருப்பது தெரியவந்தது. பஞ்ச காலத்தில் கொழுப்பைச் சேமித்துக் காப்பாற்றிய மரபணுக்களே வளமான காலத்தில் பகையாகின்றன என்று மரபியலாளர் ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்த கருதுகோளுக்கு இம்மக்கள் கண்கூடான சான்றாகக் காட்டப்பட்டனர்.

ஆனால் இதே இனத்தவர் மெக்சிகோவின் மலைப்பகுதியில் மைக்கோபா என்னும் ஊரிலும் வாழ்கின்றனர். 2006இல் வெளியான ஒப்பீட்டின்படி, அரிசோனா பீமாக்களில் 38 விழுக்காட்டினருக்கும் மெக்சிகோ பீமாக்களில் 6.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. அதே மைக்கோபாவில் வாழும் பிற மெக்சிகர்களிடம் இது 2.6 விழுக்காடு மட்டுமே என்பதால் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. எனினும், அவரையும் மக்காச்சோள ரொட்டியும் உண்டு, வயலிலும் மலைச்சரிவிலும் உடலுழைப்பைத் தொடர்ந்ததுதான் மெக்சிகோ பீமாக்களைக் காத்தது என்பதே என் முடிவு.

நம் புஞ்சைக் காட்டு முன்னோர்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். மற்ற நாள்களில் குத்திப் புடைத்த கம்பங்களியும் கூழும், விடியலிலிருந்து காட்டு வேலையும். இன்று நாற்காலியை விட்டு எழாமல் உண்ணும் 'பாரம்பரிய' கேழ்வரகு பிஸ்கட்டை அதற்கு ஈடாகக் கொள்ள முடியாது. அண்மையில் நான் வாங்கிய ஒரு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தபோது, மூலப்பொருள் பட்டியலில் மைதாவுக்கும் சர்க்கரைக்கும் பின்னரே கேழ்வரகு இடம்பெற்றிருந்தது.

நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியும்கூடச் சர்க்கரையை விரைவாக ஏற்றக்கூடியது. ஆகவே எந்தத் தானியத்துக்கு மாறினாலும், உண்ட 2 மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் அளவைப் பாருங்கள். மருந்து உட்கொள்பவராயின், அந்த அளவுகளை மருத்துவரிடம் காட்டாமல் மாத்திரையைக் குறைக்காதீர்கள்.