முதல் நாள் முப்பது கிலோமீட்டர் போதும்

கேள்வி: என் வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இபிஎஃப் பணத்தில் ஒரு வேனை வாங்கி, படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக் கேம்பராக மாற்றிவிட்டார். கோலாலம்பூர் செந்தூல் வீட்டை வாடகைக்கு விட்டாச்சு, அடுத்த மாதம் முதல் தேதி காலையில் சாவியைக் கொடுக்கிறோம். இனி வேன்தான் வீடு. சாவியைக் கொடுத்த கையோடு கிளம்பி, மாலைக்குள் பினாங்கு பத்து பெரிங்கி கடற்கரையில் இருக்க வேண்டும் என்கிறார். எனக்கு இப்போதே வயிற்றைப் பிசைகிறது. முதல் நாள் எப்படித்தான் இருக்கும்? (செந்தூல் வாசகி)

பதில்: அக்கா, அண்ணன் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனாலும் அதை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர், லாரி ஓட்டிய கைக்கு அது ஒன்றும் பெரிய தூரம் இல்லை. ஆனால் அன்று நீங்கள் குடி மாறுகிறீர்கள். வீடு மாறிய அன்றே கதவைப் பூட்டிவிட்டு ஊர் தாண்டி விருந்துக்குப் போவாரா யாராவது? எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழகவே ஒரு நாள் ஆகும்.

எங்கள் முதல் நாளைச் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் பினாங்கு பாயான் லெப்பாஸ் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துவிட்டு, பாலிக் புலாவில் தெரிந்தவர் ஒருவரின் டுரியான் தோட்டத்துக்குக் கிளம்பினோம். தெலுக் கும்பார் தாண்டியதும் சாலை மலை ஏறும், வளைவுக்கு மேல் வளைவு. இரண்டாவது வளைவிலேயே பின்னால் தடால் என்று சத்தம். மேல் அலமாரிக் கொக்கியை நான் மாட்டவில்லை. அஞ்சறைப்பெட்டி விழுந்து மூடி திறந்து, மஞ்சள்தூள் அத்தனையும் மெத்தை மேல். கடுகெல்லாம் இருக்கை நகரும் இரும்புப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, பல மாதம் கழித்தும் கூட்டும்போது இரண்டு மூன்று வரும். ஓரமாக நிறுத்திவிட்டு அந்த மஞ்சள் விரிப்பைப் பார்த்து ரொம்ப நேரம் அழுதேன். அவர் பேசாமல் பக்கத்தில் நின்றார், ஏன் அழுகிறேன் என்று அவருக்குத் தெரியும். 22 வருஷம் புழங்கிய வீட்டின் சாவியை அன்று காலையில்தான் வேறொருவர் கையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். தங்கச்சி வீடு பக்கத்திலேயே இருந்ததால் திரும்பிப் போய் விரிப்பைத் துவைக்கப் போட்டு, அவள் கையால் ஒரு வாய் சாப்பிட்டு, மறுபடியும் கிளம்பினோம். இதே சங்கதி ஈப்போவுக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலை நடுவில் நடந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் யோசிப்பேன்.

அதனால் நான் சொல்வது இதுதான். சாவி கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, செந்தூல் வீட்டு வாசலிலேயே வேனில் படுத்துப் பாருங்கள். எது இல்லை என்று ராத்திரி பத்து மணிக்குத்தான் தெரியும், உள்ளே போய் எடுத்து வந்துவிடலாம். அப்புறம் முதல் தேதி, முப்பது கிலோமீட்டருக்குள் ஓர் இடம் போதும். உலு லங்காட் பக்கம் முகாம் இடங்கள் நிறைய உண்டு, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். உரிமம் உள்ள இடமா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலியில் முகாம் மீது நிலம் சரிந்து 31 பேர் இறந்துபோனார்கள். தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் அவை. சரிவுக்கு அடியில் வேனை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஆற்றங்கரையை ஒட்டியும் வேண்டாம், உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே மலையில் பெய்த மழை கெப்பாலா ஆயராக, அதாவது திடீர் வெள்ளமாக, இறங்கி வந்துவிடும்.

மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். கோலாலம்பூர் பக்கம் இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். கொட்டுகிற மழையில், பழகாத இடத்தில், இருட்டில் இடம் தேடுவதுதான் முதல் நாளைக் கெடுப்பது. நிழல் பார்த்து நிறுத்துங்கள், பட்டுப்போன கிளை மேலே இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். தரை சமமா என்று பார்க்க ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேடையில் வைத்தால் போதும். கொஞ்சம் சாய்வு இருந்தால் தலைமாடு மேட்டுப் பக்கம் வரட்டும். கொசுவலையை ஆறு மணிக்கே மாட்டுங்கள், காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் ஏடிஸ் அதிகம் கடிக்கும்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. நிறுத்தியதும் பக்கக் கதவைத் திறந்து வைத்துப் பால் காய்ச்சுங்கள். புது வீட்டுக்குச் செய்வதைத்தானே செய்கிறோம். அந்தத் தோட்டத்தில் நாங்கள் காய்ச்சிய பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோதுதான் எனக்கு நெஞ்சு ஆறியது. அன்று ராத்திரி மழை பெய்தது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம், தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அம்மா மடி மாதிரி, விடியும்வரை அசையாமல் தூங்கினேன்.

பினாங்குக்கு அடுத்த வாரம் தாராளமாக வாருங்கள். தெற்கிலிருந்து வருவதால் பத்து காவானில் ஏறும் இரண்டாவது பாலம் முதலில் வரும், 2014இல் திறந்தது, 24 கிலோமீட்டர் நீளம். பழைய பாலம் இன்னும் வடக்கே பிறையில். பத்து பெரிங்கிக்கு அதுவே வசதி. டோல் தீவுக்குள் போகும்போது மட்டும்தான். பெரிங்கி சாலை குறுகல், கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகும். சனி ஞாயிறில் நகராது, வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். வேனின் உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், பேரங்காடி கார் நிறுத்துமிடங்களில் தலை இடிக்கும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் எல்லாம் முறைப்படி வாங்கியாச்சா, இன்ஷுரன்ஸில் மாற்றத்தைச் சொன்னாரா என்பதையும் இன்றே கேளுங்கள்.

கேள்வி: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்திருக்கிறேன். ஃபேனும் சின்ன ஐஸ்பெட்டியும் ராத்திரி முழுக்க ஓடுமா? ஏர்கான் போடலாமா? (பிறை வாசகர்)

பதில்: தம்பி, 12ஐ 100ஆல் பெருக்கினால் 1200 வாட்-மணி. பழைய ஈய-அமில வகை என்றால் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும், ஆக உங்கள் கையில் 600தான். லித்தியம் என்றால் ஏறக்குறைய முழுசும் எடுக்கலாம். 20 வாட் ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 160. கம்ப்ரசர் ஐஸ்பெட்டி விட்டுவிட்டு ஓடும், நம் ஊர்ச் சூட்டுக்குச் சராசரி 25 வாட் என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்கு 250. இரண்டும் சேர்ந்து 410, ராத்திரி தாண்டிவிடும். 700 வாட் ஏர்கான் போட்டால் ஈயப் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதற்குப் பதில் கூரையில் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் வையுங்கள், எதிர்ப் பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து விடுங்கள். காற்று ஓடினால் உடம்பு தாங்கும்.

கேள்வி: வேனுக்குள் கேஸ் சிலிண்டர் இருக்கும்போது வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றலாமா? மாமியார் கண்டிப்பாக ஏற்றச் சொல்கிறார். (ஆயர் ஈத்தாம் வாசகி)

பதில்: ஏற்றலாம் தங்கச்சி, ஆனால் முதலில் கேஸைக் கவனியுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குத் தரை மட்டத்தில் வெளியே திறக்கும் துளை வேண்டும், வேனுக்கு உள்பக்கம் இடுக்கே இருக்கக் கூடாது. கேஸ் வாடை வந்தால் அன்று விளக்கு வேண்டாம், கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். எரிகிற அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, அதற்கு ஒரு அலாரம் வாங்கி மாட்டுங்கள்.

நாங்கள் வேனை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, பின்கதவைத் திறந்து வைத்துத்தான் ஏற்றுவோம். சின்ன அகல், அடியில் பித்தளைத் தட்டு, திரைச்சீலை எட்டாத இடம். விளக்கு மலையேறும்வரை எங்களில் ஒருவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், ஒரு வெள்ளிக்கிழமை அவரையே கூட்டிவந்து ஏற்றச் சொல்லுங்கள்.